வளையம் எறியும் விளையாட்டால் பிள்ளையின் கை கால் ஒருங்கிணைப்பு சரியாகுமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுகிறான், சமதரையிலும் தடுக்கி விழுகிறான், பந்தைப் போட்டால் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. "மோட்டார் ஸ்கில்ஸ் கொஞ்சம் வீக்", அதாவது உடம்பை இயக்கும் திறன் குறைவு என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா, நட்டு வைத்த குச்சியில் மாட்டும்படி வளையம் எறியும் செட் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். உங்கள் குடியிருப்பில் சின்னதாக ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே இதை வைத்து விளையாடினாலே சரியாகிவிடுமா, தினம் எத்தனை நிமிடம் என்று கேட்கிறீர்கள். கூடவே, அவன் இடது கையால் எறிவதை மாமியார் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், "இது விளையாட்டிலேயே சரியாகிற சமாச்சாரமா, இல்லை டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறேனா" என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிற கேள்வி என்று படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், 17 வருடமாக. உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். விளையாட்டைப் பற்றிச் சொல்லலாம். வளையம் எறிந்து பழகினால் வளையம் எறிவது நன்றாக வரும். இது நிச்சயம். குறி பார்த்து எறிகிற மற்ற வேலைகளும் ஓரளவு கூடவே தேறும். அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பது பெட்டிக்குள் இருக்கிற சாமானைவிட, அதை நீங்கள் எப்படி அவனுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"கண், கை ஒருங்கிணைப்பை வளர்க்கும்" என்று பெட்டியின் மேல் ஒரே வரியில் அச்சடித்துவிடுகிறார்கள். உடம்புக்குள் நடப்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. கை முன்னால் வீசுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே கால், இடுப்பு, முதுகுத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. கை போகிற வேகத்தில் உடம்பு முன்னால் சாயும் என்று மூளை முன்கூட்டியே கணித்து முட்டுக்கொடுக்கிறது. இது சரியாக அமையாத பிள்ளைதான் எறிந்த கையோடு தானும் இரண்டடி தள்ளாடிப் போகும். அடுத்தது வலுவை அளப்பது: மூன்றடிக்கு எவ்வளவு, ஆறடிக்கு எவ்வளவு. பிறகு விரல்கள் வளையத்தை விடுகிற கணம். கீழிருந்து வீசும்போது கொஞ்சம் முந்தி விட்டால் வளையம் தாழ்வாகப் போய்ப் பக்கத்திலேயே விழும், பிந்தினால் வானத்தைப் பார்த்துப் போகும். நினைத்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அடுத்த எறியைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் தவறி விழும் வளையமும் வீண் இல்லை. எங்கே விழுந்தது என்று அவன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பையனைப் போன்ற ஒரு பிள்ளைக்கு இந்த விளையாட்டில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. பந்து பிடிக்கும்போது பொருள் அவனை நோக்கி வருகிறது. எப்போது வரும், எங்கே வரும் என்பதை அவனால் தீர்மானிக்க முடியாது, பயம் வருகிறது, முகம் திரும்புகிறது. வளையத்தில் குச்சி அசையாமல் நிற்கிறது. அவனுக்குத் தயாரானபோது எறியலாம், முகத்தில் எதுவும் வந்து மோதாது. பந்துக்குப் பயந்த பிள்ளைகளை நான் பெரும்பாலும் இப்படி எறிவதில் தொடங்கித்தான் பிடிப்பதற்குக் கொண்டுபோகிறேன். பிடிப்பது முதலில் பலூன், அப்புறம் முடிச்சுப் போட்ட துண்டு, அப்புறம் புளியங்கொட்டை நிரப்பிய சின்னத் துணிப் பை. பந்து கடைசியில்தான்.

சரி, கையெழுத்து? இதில்தான் நிறையப் பெற்றோரை ஏமாற்றிவிடுகிறார்கள். தோளும் உடம்பும் பலப்பட்டால் விரல் தானாக வரும் என்று பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி சொல்வார்கள். நானும் படித்து முடித்த புதிதில் சொல்லியிருக்கிறேன். உடம்பு நிலையாக இருந்தால் கைக்கு வேலை சுலபம் என்பது உண்மைதான். ஆனால் விரல்களைத் தனித்தனியாக ஆட்டுகிற நரம்புப் பாதை வேறு, உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிற பாதை வேறு. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1968இல் குரங்குகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு இயக்கத் திறனைப் பழகினால் வேறொன்று தானாக வந்துவிடாது என்று அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பிராங்க்ளின் ஹென்றி அதற்கும் முன்பிருந்தே சொல்லிவந்தார். ஆகவே எழுத்து வர வேண்டுமானால் எழுதத்தான் வேண்டும், பொத்தான் போட வர வேண்டுமானால் பொத்தான் போட்டுத்தான் பழக வேண்டும். வலது கையை இடப்பக்கம் கொண்டுபோனால் இரண்டு பக்க மூளையும் இணைந்து படிப்பு வரும் என்று, உடலசைவுகளால் படிப்பை வளர்ப்பதாகச் சொல்லும் பிரெய்ன் ஜிம் பாணியில் யாராவது சொன்னால், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.

இனி எப்படி விளையாடுவது என்று பார்ப்போம். கடைச் செட்டில் வரும் குச்சி ஒல்லி, வளையம் சிறியது, எடையே இல்லாத பிளாஸ்டிக். காற்று அடித்தால் எங்கோ போகும். ஆறு வயதில் தடுமாறுகிற பிள்ளைக்கு அதை அப்படியே நட்டு வைத்தால் பத்து எறியில் ஒன்றுகூட விழாது. ஆரம்ப நாட்களில் நான் செய்த தவறும் அதுதான். ஒரு சிறுவனுக்கு ஐந்தடி தள்ளிக் குச்சியை நட்டு, "சூப்பர், அடுத்தது விழும் பாரு" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தேன். எட்டாவது வளையத்தை அவன் எறியவில்லை, என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே விளையாடுங்க ஆன்ட்டி" என்று போய்விட்டான். இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அவன் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால் முதலில் குச்சி வேண்டாம். தரையில் ஒரு பெரிய வளையமோ பிளாஸ்டிக் வாளியோ வையுங்கள், அதற்குள் எறியட்டும். அடுத்தபடி, ஒரு ஸ்டூலைக் கவிழ்த்து வையுங்கள். நான்கு காலும் நான்கு குச்சி. ஒன்றுக்குக் குறி வைத்தது தவறினாலும் பக்கத்துக் காலில் மாட்டிக்கொள்ளும், பிள்ளை குதிக்கும். பிறகு மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில், கடைசியாகத்தான் செட்டில் வந்த குச்சி. வளையத்துக்கும் மாற்று உண்டு. பழைய துணியை முறுக்கிச் சும்மாடுபோலச் சுற்றித் தைத்துக் கொடுங்கள். கொஞ்சம் கனமாக இருக்கும், உருண்டு ஓடாது, யார்மேல் பட்டாலும் வலிக்காது. கையில் கனம் தெரிகிறபோது எவ்வளவு வலு போடுகிறோம் என்பதும் பிள்ளைக்கு நன்றாக உறைக்கிறது. இது என் அனுபவத்தில் கண்டது, அளந்து நிரூபித்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் டென்னிகாய்ட் ஆடும் ரப்பர் வளையம் இந்த வயதுக்குக் கனம் அதிகம், அதைப் பிற்பாடு பார்க்கலாம்.

தூரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஐந்து வளையத்தில் குறைந்தது மூன்று விழ வேண்டும். ஐந்தும் விழுந்தால் அரையடி பின்னால் போங்கள், ஒன்றுதான் விழுகிறது என்றால் முன்னால் வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூரத்தைக் கூட்டிய அன்றே வாளியை எடுத்துவிட்டுக் குச்சியை வைக்காதீர்கள்.

ஆனால் ஒரே தூரத்திலிருந்து நூறு தடவை எறிய வைப்பதைவிடத் தூரத்தை மாற்றி மாற்றி எறிய வைப்பது நல்லது என்று ஒரு கருத்து உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான பரிசோதனை இருக்கிறது. கெர், பூத் என்ற இருவர் 1978இல் எட்டு வயதுப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சின்னப் பைகளை இலக்கில் எறியச் சொன்னார்கள். ஒரு குழு எப்போதும் 3 அடியில் பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியில் பழகவே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தையே பழகாத குழு நன்றாக எறிந்தது! பயிற்சி வகுப்புகளில் இதை வேதவாக்குபோல் சொல்வார்கள். பின்னால் பலர் இதேபோல் செய்து பார்த்ததில் முடிவுகள் கலவையாகத்தான் வந்தன, சிலருக்கு இதே விளைவு கிடைத்தது, சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் என்ன செய்கிறேன் என்றால், முதல் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்க வைத்துக் கை பழகவிடுவேன், அதன் பிறகு இடத்தை மாற்றத் தொடங்குவேன். ஒன்றும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டாது.

எறியும்போது வாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதும் முக்கியம். "மணிக்கட்டை மடக்கு, முழங்கையை நீட்டு, காலை மாத்து" என்று மூன்று உத்தரவு போட்டால் வளையம் காலடியிலேயே விழும். உடம்பைப் பற்றிச் சொல்லாமல் பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்: "வளையம் வானவில் மாதிரி வளைஞ்சு போய் அந்தக் குச்சி மேல உட்காரணும்." கவனத்தை உடம்பில் வைப்பதைவிட வெளியே விளைவில் வைத்தால் நன்றாகக் கற்கிறோம் என்று இயக்கத் திறன்களை ஆராயும் காப்ரியேலே வுல்ஃப் 1998 முதல் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார், பெரியவர்களிடம் இது வலுவாகவே தெரிகிறது, குழந்தைகளிடம் அவ்வளவு சீராகத் தெரியவில்லை. இருந்தாலும் ஆறு வயதுக்காரனுக்கு மணிக்கட்டைவிட வானவில் புரியும். எறிவதற்கு முன் ஒரு கணம் குச்சியின் நுனியையே பார்த்துவிட்டு எறியச் சொல்லுங்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், திறமையான விளையாட்டு வீரர்களின் பார்வை அசைவுக்கு முன்பே இலக்கில் நிலைத்துவிடுகிறது என்று கண்டறிந்தார். அதைக் குழந்தைகளுக்குப் பழக்கியபோதும் எறிவதும் பிடிப்பதும் மேம்பட்டிருக்கின்றன. "குச்சி தலையில எறும்பு இருக்கான்னு பாரு" என்பேன் நான். ஒரு நாள் உண்மையிலேயே இருந்தது, அன்று ஆட்டம் அதோடு முடிந்தது.

வளையம் தவறினால் உடனே திருத்தாதீர்கள். "எங்க போச்சு? அடுத்ததை எப்படிப் போடப் போற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "கிட்டவே விழுந்துச்சு, இன்னும் பலமா போடறேன்" என்று அவனே சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கனடாவில் ஹெலன் பொலடாய்கோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஒரு முறை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது: என்ன செய்யப்போகிறேன், எப்படி, செய்து பார்க்கிறேன், சரியாக வந்ததா. தடுமாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு இப்படி ஒரு செயலையே எடுத்துக்கொண்டு பழக்குவது, தசையைத் தனியாகப் பலப்படுத்துவதைவிடப் பலன் தருகிறது என்பதில் இத்துறையில் இன்று பரவலான ஒத்த கருத்து இருக்கிறது.

கால்களையும் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகள் காலை அசைக்காமல் கையால் மட்டும் எறிவார்கள். அடுத்து எறிகிற கையின் பக்கத்துக் காலையே முன்வைப்பார்கள். ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் எதிர்க்கால் முன்னால் வரத் தொடங்கும். உங்கள் மகன் இதில் நடுக் கட்டத்தில் இருந்தால் பதற ஒன்றுமில்லை. எதிர்க்கால் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழை இலைத் துண்டைப் போட்டு, "எறியும்போது இலையை மிதிச்சிரு" என்றால் போதும். இன்னொன்று: முட்டி போட்டு எறியச் சொல்லிப் பாருங்கள். நின்று எறிவதைவிட அப்போது நன்றாக விழுந்தால் நிலைதடுமாற்றம்தான் அவனுக்கு இடைஞ்சல் என்று ஊகிக்கலாம். முட்டி போட்டும் அதே கதைதான் என்றால் பார்வையிலோ கை வலுவை அளப்பதிலோ விஷயம் இருக்கலாம். இது ஊகம்தான், பரிசோதனை முடிவு இல்லை. ஆனால் சிகிச்சையாளரிடம் போனால் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பயன்படும்.

எத்தனை நிமிடம் என்று கேட்டீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்தில் நாலு நாள். இந்த எண்ணுக்குப் பின்னால் விஞ்ஞானம் எதுவும் இல்லை, பிள்ளைகள் அதற்கு மேல் ஆடுவதில்லை என்பதால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைப்பதைவிடச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செய்வது நன்றாகப் பதியும் என்பது மட்டும் உறுதி. எறிந்த வளையங்களை அவனே ஓடிப்போய்ப் பொறுக்கி வரட்டும். ஓடுவது, குனிவது, எழுவது, மேடுபள்ளமான புல்லில் கணுக்கால் சமாளிப்பது எல்லாம் அதில் வந்துவிடும். அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ சேர்ந்து ஆடினால் அவர்கள் மாற்றுக் கையால் எறிய வேண்டும் என்று விதி வையுங்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற விளையாட்டை எந்தப் பிள்ளையும் நாலாவது நாள் தொடாது.

வளையத்தோடு நிறுத்தாமல், கொஞ்சம் தேறியதும் தரையில் கட்டம் போட்டு ஆடும் பாண்டி விளையாட்டுக்குப் போங்கள். சில்லியை எறிவது, நொண்டி அடிப்பது, கோட்டை மிதிக்காமல் திரும்புவது, ஒற்றைக்காலில் நின்றபடி குனிந்து சில்லியை எடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் சொன்னது நன்றாகத் தேறிய பிள்ளைக்கே கஷ்டம், அதனால் முதலில் இரண்டு காலையும் ஊன்றி எடுக்கவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வயதில் ஒற்றைக்காலில் தத்துவார்கள். ஆறு வயதில் இரண்டு தத்துக்கூட வரவில்லை என்றால் குறித்துவையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. புல்லில் குத்தி நிறுத்தும் குச்சி என்றால் அதன் மேல்நுனியில் பழைய ரப்பர் பந்தைக் கீறிச் செருகிவிடுங்கள், வளையம் பொறுக்கக் குனிகிற பிள்ளையின் கண் உயரத்தில்தான் அந்த நுனி இருக்கும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே பொறுக்கப் போக வேண்டும். கூர்முனை அம்புகளைப் புல்தரை வளையத்துக்குள் எறிகிற ஒரு விளையாட்டு அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதனால் உயிரிழந்த பிறகு 1988 டிசம்பரில் அங்கே அதைத் தடை செய்தார்கள், அடுத்த ஆண்டு கனடாவும் தடை செய்தது. ஆன்லைனில் யாராவது பழைய செட் விற்றால் வாங்காதீர்கள்.

இனி உங்கள் மனதை அரிக்கிற கேள்விக்கு வருகிறேன். வளையத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்திருப்பது பிள்ளைக்கே தெரியாது. டம்ளரைத் தட்டுவதும் பந்துக்கு முகம் திருப்புவதும் அதனாலும் இருக்கலாம். பார்வை சரியாக இருந்தும், தடுமாற்றம் அவனுடைய அன்றாட வேலைகளையும் பள்ளியையும் பாதிக்கிறது என்றால், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று ஒன்று உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. சோம்பேறித்தனமோ புத்திக் குறைவோ இல்லை. ஐந்து வயதுக்குப் பிறகுதான் இதை உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் நீங்கள் நாளைக் கடத்திவிட்டதாக நினைக்க வேண்டாம், சரியான வயதில்தான் கேட்கிறீர்கள். எட்டு வாரம் விளையாடிப் பாருங்கள், மாற்றமே தெரியாவிட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்க மாவட்ட அளவில் அரசு இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன, ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரை பார்ப்பார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

எட்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது. தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறி எழுவது. கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருப்பது. ஒரு பக்கக் கையையோ காலையோ ஒதுக்கி வைத்துக்கொள்வது. இவற்றில் ஒன்றிருந்தாலும் வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

இடது கை விஷயம். சாப்பிடுவது, பென்சில் பிடிப்பது, பல் தேய்ப்பது எல்லாம் அவன் இடது கையில்தான் என்றால் அவன் இடது கைக்காரன், பத்தில் ஒருவர் அப்படி. ஏற்கெனவே தடுமாறுகிற பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றுவது, கனமான மூட்டையைத் தூக்க முடியாதவன் தலையில் இன்னொன்றை ஏற்றுவதுதான். இன்று இந்தக் கை, நாளை அந்தக் கை என்று அவனே மாறிக்கொண்டிருந்தால் அதை மட்டும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். புல்வெளிக்கு அவரையும் அழைத்துப்போய், ஐந்து வளையத்தைக் கொடுத்து, அவருக்குப் பழக்கமில்லாத கையால் எறியச் சொல்லுங்கள். பொறுக்கி வருகிற வேலையைப் பேரன் பார்த்துக்கொள்வான்.